சைக்கிள் விதவைகள்

இங்கிலாந்து தேசத்தில் சைக்கிள் பந்தயத்தில் பைத்தியங்கொண்ட கணவன்மார்களுடைய மனைவிமார்களுக்கு ஒரு பட்டப்பெயர் வழங்கிவருகின்றது. அதாவது “சைக்கிள் விதவை” என்பதாகும். விளையாட்டாகச் சொல்லப்படுகின்ற வார்த்தைதான் என்றாலும், அதைக் கேட்டவுடன் நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், விதவை என்ற சொல்லுக்கு நம் நாட்டில் என்ன அர்த்தம் என்பது நமக்குத் தெரியும். புருஷன் செத்ததற்காக ஒரு பெண்ணை மூலையில் உட்காரவைத்த கொடுமையைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் இங்கோ புருஷன் சாகவில்லை. நல்ல திடகாத்திரமாக, நிமிஷத்துக்கு 90 தடவை பெடலைச் சுற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே 30 மைல் தூரத்தில் சுகமாக இருக்கின்றான். அவன் இருக்கும்போதே அவன் பெண்ஜாதி விதவை! செத்துப்போன புருஷனுக்காவது துணி துவைக்கவேண்டிய வேலையில்லை. இந்த உயிருள்ள புருஷனோ சேறுபடிந்த உடுப்பையும் பசித்த வயிற்றையும் கொண்டு வீடு திரும்புகின்றான். ஆகவே இந்தப் புதுவிதமான விதவைத்தனத்தைப்பற்றிச் சிறிது எழுதலாமென்று கருதுகின்றோம்.

இந்தப் பந்தயக்காரர்கள் யார் என்றால், சம்பளத்துக்கு ஓட்டுகின்றவர்கள் அல்லர். இவர்களுக்கு “அமெச்சூர்” என்று பெயர். அது பிரஞ்சு பாஷையிலிருந்து வந்த வார்த்தை. பிரியம் வைத்தவன் என்பது அதன் பொருள். அதாவது கூலிக்கு அல்லாமல் ஆசைக்கு ஓட்டுகின்றவன். பகலெல்லாம் ஆபீசிலோ, கடையிலோ, பட்டறையிலோ, பள்ளிக்கூடத்திலோ வேலை பார்த்துவிட்டு மிச்ச நேரத்தில் பந்தயத்துக்குப் பயிற்சி செய்கின்றவன். பந்தயத்தில் மற்றவர்களோடு சேர்ந்து போகவேண்டுமானால் வாரத்துக்கு 8 மணி முதல் 12 மணி வரை சைக்கிள்மேல் இருக்கவேண்டுமென்று பழக்கப்பட்டவர்கள் சொல்லுகின்றார்கள். சிலர் 15 மணி என்கின்றார்கள். இது சைக்கிள்மேல் இருக்கும் நேரம் மாத்திரம். சங்கிலிக்கு எண்ணெய் போடவும், டியூபுக்கு ஒட்டுப் போடவும், குளிக்கவும், பசிக்கு இரட்டைச் சாப்பாடு சாப்பிடவும், அப்புறம் கால் ஓய்ந்து கட்டிலில் விழவும் ஆகின்ற நேரம் இதில் சேரவில்லை. பந்தயத் தினத்திலோ கேட்கவேண்டியதில்லை. 25 மைல் பந்தயம் ஒருமணி நேரத்தில் முடிந்துவிடும்; ஆனால் அதற்குப் போகவும், பெயர் கொடுக்கவும், காத்திருக்கவும், முடிவு பார்க்கவும், திரும்பவும் அரைநாள் ஆகிவிடும்.

இனி, இந்தப் பந்தயங்கள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலத்தில் நடப்பானேன் என்பதை விசாரித்தால் ஒரு வேடிக்கையான சரித்திரம் வெளியாகின்றது. 1890-களில் இங்கிலாந்தில் குதிரைவண்டிக்காரச் சீமான்களும் போலீசும் ரோட்டில் சைக்கிள் பந்தயம் விடுகின்றவர்களைப் பிடித்துத் தொந்தரவு செய்தார்கள். சைக்கிள்காரர்களின் பெரிய சங்கமே பயந்துபோய் பொது ரோட்டில் பந்தயம் வேண்டாமென்று தடுத்துவிட்டது. அப்போது பிட்லேக் என்பவர் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். கூட்டமாகப் போனால்தானே பந்தயம் என்று தெரியும்? ஒவ்வொருவராக, ஒரு நிமிஷ இடைவெளி விட்டு, கடிகாரத்தோடு போட்டிபோட்டு ஓட்டினால் யாருக்குத் தெரியும்? இப்படி 1895-ம் வருஷம் 50 மைல் பந்தயம் ஒன்று நடத்தப்பட்டது. அதிலிருந்து நெடுங்காலம் அந்நாட்டுப் பந்தயக்காரர்கள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்புடை உடுத்து, ஓடுகின்ற ரோட்டுக்கு இரகசியக் குறியெழுத்து வைத்து, ஜனங்கள் எழுந்திருக்கும் முன்பாகவே பந்தயத்தை முடித்துக்கொண்டு வந்தார்கள். போலீசுக்குப் பயந்து ஏற்பட்ட விடியற்காலம் அது. இன்று போலீஸ் உபத்திரவம் ஒழிந்துபோய் எவ்வளவோ காலமாகியும், வீட்டுக்காரர்கள் விழிக்குமுன் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புகின்ற வழக்கம் மாத்திரம் உலகமெங்கும் பரவி நிற்கின்றது. இப்போது யாருக்குப் பயந்து என்பதை அந்தந்த வீட்டுக்காரர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

இது சீமைச் சங்கதிதானே, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அப்படியல்ல. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இன்று இந்தச் சைக்கிள் மோகம் வந்துவிட்டது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள்ளும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள்ளும் ஓட்டி முடிக்கவேண்டுமென்ற நெடுந்தூர ஓட்டங்களும் நடந்துவருகின்றன. சைக்கிள் ஓட்டுவது தப்பென்று சொல்ல நாம் வரவில்லை. சைக்கிளைப்போல் ஏழைக்கு உபகாரமான யந்திரம் வேறொன்று இருப்பதாக நாம் நினைக்கவில்லை. கோயில் வாசலில் உருளுகின்றவனைவிட ரோட்டில் சக்கரத்தை உருட்டுகின்றவன் எவ்வளவோ மேலானவன். உடம்பைப் பலப்படுத்துவதும், மனிதன் தன் சக்தி எவ்வளவு என்று சோதித்துப் பார்ப்பதும் அறிவுள்ள காரியங்களேயாகும். நாம் கேட்பதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான். அந்த வாரம் 10 மணி நேரம் யாருடையது?

சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்தின் காரியமாக ஒரு நகரத்துக்குப் போயிருந்தபோது, ஒரு தோழர் வீட்டில் இரண்டு நாள் தங்க நேரிட்டது. அவருக்கு ஐம்பது வயதுக்குமேல் ஆகின்றது. ஆனால் பார்ப்பதற்கு நாற்பதுக்குமேல் மதிக்க முடியாது. கூடத்துச் சுவரில், மற்ற வீடுகளில் சாமி படம் மாட்டுகின்ற இடத்தில், ஒரு சைக்கிள் மாட்டியிருந்தது. விலை கேட்டோம், லட்சத்துக்குமேல் என்றார். தம் பயிற்சியைப்பற்றி வெகு உற்சாகமாகப் பேசினார். காலில் எவ்வளவு பலம் செலவாகின்றது என்பதை வாட் கணக்கில் காட்டுகின்ற கருவி வைத்திருந்தார். சோற்றைத் தராசில் நிறுத்துச் சாப்பிட்டார். நாடித்துடிப்பை எண்ணினார். தூங்குகின்ற மணியையும் எழுதிவைத்தார். “இவ்வளவுக்கும் வீட்டில் எப்படி?” என்று கேட்டதற்கு, “வீட்டில் நல்ல ஒத்துழைப்பு, அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்” என்றார்.

மறுநாள் காலை 4 மணிக்கு அவர் கிளம்பினார். ஆனால் அந்த அம்மாள் மூன்றரை மணிக்கே எழுந்து அவருக்குக் கஞ்சி காய்ச்சி, போத்தல்களில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டார். அவர் போனபின் படுக்கவில்லை. படுக்கையிலிருக்கும் மாமியாருக்கு மருந்து, மகளுக்குப் பள்ளிக்கூடச் சாப்பாடு, நமக்குக் காப்பி, தாமும் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகின்ற உத்தியோகத்துக்குப் போகத் தயாராவது ஆகிய எல்லாம் எட்டரை மணிக்குள் நடந்தன. நாம் சும்மா, “உங்களுக்குச் சைக்கிள் விடத் தெரியுமா அம்மா?” என்று கேட்டோம். அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “நான் புதுக்கோட்டைப் பக்கம், ஐயா. அறிவொளி வந்தபோது பதினைந்து வயசு. எங்க தெருவிலே முதலில் ஏறினவள் நான்தான். எங்க அம்மாவைப் பின்னாலே வைத்து ஆஸ்பத்திரிக்குக்கூட மிதித்திருக்கிறேன்” என்றார். “இப்போது?” என்றோம். “கலியாணத்துக்குப் பிறகு ஏறவில்லை, ஐயா. நேரமேது?” என்றார்.

தோழர்களே! புதுக்கோட்டைச் சங்கதி உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். 1991, 1992-ம் வருஷங்களில் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தார் எழுத்துக் கற்பித்ததோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்பித்தார்கள். கல்குவாரியில் வேலை செய்கின்ற பெண்களும், விவசாயக் கூலிப் பெண்களும், முஸ்லிம் பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். ரோட்டில் நின்று கேலி செய்த ஆண்கள் வாயடைத்துப் போனார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமாயிற்று. அப்பனையும் அண்ணனையும் தம்பியையும் கெஞ்சிக்கொண்டு நிற்கவேண்டிய அவசியம் ஒழிந்தது. அமெரிக்காவில் சூசன் ஆண்டனி என்ற அம்மையார், பெண்களின் விடுதலைக்கு உலகத்தில் வேறெதையும்விடச் சைக்கிளே அதிகமாக உதவியிருக்கின்றது என்பதாக 1896-லேயே சொன்னார். அதே காலத்தில் சில வைத்தியர்கள், சைக்கிள் ஏறின பெண்ணுக்கு முகம் விகாரமாய்விடுமென்று சொல்லி, அதற்குச் “சைக்கிள் முகம்” என்று ஒரு வியாதியின் பெயரும் வைத்தார்கள். அந்த வியாதி ஆண்களுக்கு மாத்திரம் அவ்வளவாக வருவதில்லையாம்! இப்படியெல்லாம் பயமுறுத்தியும் நிற்காத பெண்ணை, “நேரமேது” என்ற இரண்டு வார்த்தை சைக்கிளிலிருந்து இறக்கிவிட்டது. ஏற்றிவிட்டது பொதுஜன இயக்கம்; இறக்கிவிட்டது குடும்பம்.

ஒரே கூரையின்கீழ் இருவருக்கும் நாளொன்றுக்கு 24 மணிதான். அவருக்கு வாரம் 10 மணி கிடைப்பதும் இவருக்கு ஒரு மணிகூடக் கிடைக்காததும் எப்படி? கடவுள் கொடுத்தாரா? இல்லை, அந்த அம்மாள் கொடுத்தார். அவர் சைக்கிள்மேல் செலவழிக்கின்ற நேரம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. அடுப்பங்கரையில் உற்பத்தி செய்யப்பட்டது. இது அந்த ஒரு வீட்டு விஷயமுமல்ல. இந்திய சர்க்கார் 2019-ம் வருஷம் ஜனங்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கின்றார்கள் என்று தேசமெங்கும் கணக்கெடுத்தது. கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிஷம் கொடுத்தார்கள். அதில் ஈடுபட்ட ஆண்கள் கொடுத்ததோ 97 நிமிஷம். அதிலும் பெண்களில் 100-க்கு 81 பேர் அவ்வேலையைச் செய்ய, ஆண்களில் 100-க்கு 26 பேரே அதில் கைவைத்தவர்கள். மற்ற 74 ஆண்களுக்கு அன்றைய தினம் வீட்டுவேலைக் கணக்கு வெறும் பூஜ்யம். வாட்டை எண்ணுகின்ற கருவி வாங்கத் தெரிந்த ஆண்மக்களுக்கு இந்த நிமிஷத்தை எண்ணத் தெரியாமல் போனதேன் என்று கேட்கின்றோம்.

“ஒத்துழைப்பு” என்ற வார்த்தையைப்பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நளாயினி என்பவள் குஷ்டரோகியான புருஷனைக் கூடையில் வைத்துத் தாசி வீட்டுக்குச் சுமந்துபோனாளென்று கதை சொல்லி, அவளைப் பதிவிரதைகளில் ஒருத்தி என்று புகழ்ந்தார்கள். புருஷனுடைய ஆசை எதுவானாலும் அதைத் தலையில் சுமப்பதே பெண்ணுக்குப் பெருமை என்பதுதான் அந்தக் கதையின் சாரம். இன்று ஆசையின் பொருள் மாறியிருக்கின்றது. தாசி வீட்டுக்குப் பதில் பந்தய ரோடு. சுமப்பவள் மாறவில்லை. “என் மனைவி ஒன்றும் சொல்லமாட்டாள்” என்று பெருமையாகச் சொல்லுகின்ற நண்பர், அவள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? விரதமெடுப்பவன் ஆண், விரதச் சமையல் பெண்ணுக்கு என்ற பழைய ஏற்பாட்டுக்கும், பயிற்சி ஆணுக்கு, பயிற்சிக் கஞ்சி பெண்ணுக்கு என்ற புது ஏற்பாட்டுக்கும் என்ன வித்தியாசம்? மாலையைக் கழற்றிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டால் பகுத்தறிவு வந்துவிடுமா?

நிற்க, இதற்குப் பந்தயக்காரர்கள் சில சமாதானங்கள் சொல்லக்கூடும். அவற்றையும் பார்ப்போம்.

முதலாவது, “இது ஆரோக்கியத்துக்காகச் செய்வது; நான் நோயில்லாமலிருந்தால் குடும்பத்துக்குத்தானே லாபம்” என்பது. நல்லது. உலக சுகாதார நிறுவனத்தார் 2020-ல் வெளியிட்ட யோசனையில், வயதுவந்தவர்களுக்கு மிதமான தேகப்பயிற்சி வாரத்துக்கு 150 நிமிஷம் முதல் 300 நிமிஷம் வரை, அல்லது கடினமானதானால் 75 முதல் 150 நிமிஷம் வரை வேண்டுமென்றார்கள். ஆகவே மிதமான பயிற்சியானாலும் ஆரோக்கியக் கணக்கு 5 மணி நேரத்தோடு ஏறக்குறையத் தீர்ந்துபோகின்றது. அதற்குமேல் ஓட்டுகின்ற ஒவ்வொரு மணியும் பெரும்பாலும் ஆசைக்காக. ஆசைப்படுவது குற்றமல்ல. ஆசையை மருந்து என்று சொல்லுவதுதான் பித்தலாட்டம். மேலும், தேகப்பயிற்சி ஆரோக்கியமென்றால் அது பெண்ணுக்கும் ஆரோக்கியந்தானே? அவளுடைய 150 நிமிஷம் எங்கே? துவைப்பதும் பெருக்குவதும் பயிற்சிதானே என்று எவரேனும் பதில் சொல்லுவாரானால், அவரே நாளை முதல் சைக்கிளை விட்டுவிட்டு அந்தப் பயிற்சியைச் செய்யட்டும்.

இரண்டாவது, “குடிக்கவில்லை, சீட்டாடவில்லை; சைக்கிள்தானே ஓட்டுகின்றேன்” என்பது. பக்கத்து வீட்டுக்காரன் பெண்ஜாதியை அடிக்கின்றான், நான் அடிக்கவில்லை, ஆகையால் நான் யோக்கியன் என்பதுபோன்ற நியாயம் இது. பெரிய அநியாயம் செய்யாததை ஒரு நியாயமாகக் கணக்கில் எழுதக்கூடாது.

மூன்றாவது, “நான் ஓட்டுவது எல்லோரும் தூங்குகின்ற விடியற்காலத்தில், யாருக்கு என்ன நஷ்டம்?” என்பது. விடியற்காலம் 4 மணிக்கு எழுந்தவன் இரவு 8 மணிக்குக் கொட்டாவி விடுகின்றான். பிள்ளை கணக்குப் போடக் கூப்பிட்டால், “அம்மாவைக் கேள்” என்கின்றான். நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், “நாளைக்குப் பந்தயம்” என்று திரும்பிப் படுக்கின்றான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டிலேயே இருக்கின்றான், ஆனால் பிணம்போல் கிடக்கின்றான். வீட்டில் உடம்பு இருப்பதை ஆள் இருப்பதாகக் கணக்குக் காட்டுவது மோசடியல்லவா?

நான்காவது, “அவளுக்கு இதிலெல்லாம் விருப்பமில்லை” என்பது. அடிமைக்குச் சுதந்திரத்தில் விருப்பமில்லை என்று எஜமானன் சொல்லுவது எந்தக் காலத்திலும் உள்ளது. அவளுக்குச் சைக்கிளில் விருப்பமில்லாமலிருக்கலாம். புஸ்தகத்திலோ, பாட்டிலோ, சிநேகிதிகளோடு பேசுவதிலோ, ஒன்றும் செய்யாமல் சும்மா படுத்திருப்பதிலோ விருப்பமிருக்கலாம். அந்த நேரத்தைக் கையில் கொடுத்துவிட்டல்லவா விருப்பத்தைக் கேட்கவேண்டும்?

இனி, இந்த ஏற்பாடு தலைகீழாக நடந்த ஒரு உதாரணத்தையும் எடுத்துக்காட்டுகின்றோம். இங்கிலாந்தில் யார்க்ஷையர் ஜில்லாவில் பெரில் பர்ட்டன் என்று ஒரு அம்மையார் இருந்தார். 1937-ல் பிறந்தவர். சிறு பிராயத்தில் வாதக்காய்ச்சலால் பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். தோட்டத்தில் ருபார்ப் என்ற செடி பயிரிடுகின்ற கூலிவேலை செய்து பிழைத்தவர். ஒரு பெண் குழந்தைக்குத் தாய். கடைசி வரையில் அமெச்சூராகவே ஓட்டி உலகச் சாம்பியன் பட்டத்தை ரோட்டில் இரண்டு தடவையும், வட்ட மைதானத்தில் ஐந்து தடவையும் வாங்கினார். 1967-ம் வருஷம் 12 மணி நேரப் பந்தயமொன்றில் ஆண்களுக்குப் பின்னால் கிளப்பிவிடப்பட்டு, அவர்களை ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசியில் அன்று ஆண்களில் முதலாக வந்துகொண்டிருந்த மக்னமாரா என்பவரையும் எட்டிப்பிடித்தார். தாண்டிப்போகும்போது, பாவம் என்று அவருக்கு ஒரு மிட்டாயும் கொடுத்துவிட்டுப் போனாராம்! அன்று அந்த அம்மையார் ஓட்டிய தூரம் இருநூற்று எழுபத்தேழேகால் மைல். ஆண்களுக்கான புதிய ரிக்கார்டை அன்றே ஏற்படுத்திய மக்னமாராவைவிட முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவாக அதிகம். அதை முறியடிக்க ஆண்களுக்கு 1969 வரையிலும், பெண்களுக்கு 2017 வரையிலும் ஆயிற்று. பெண் பலவீனப் பிறவி என்ற சாஸ்திரத்தை அந்த மிட்டாயோடு சேர்த்து விழுங்கிவிடவேண்டியதுதான்.

ஆனால் நாம் இங்கு சொல்லவந்தது அந்தப் பந்தயத்தையல்ல, அந்த வீட்டைப்பற்றி. அவர் கணவர் சார்லி பர்ட்டன் என்பவரும் சைக்கிள் ஓட்டுகின்றவர்தான். அவர்தான் மனைவிக்கு அந்த ருசியைக் காட்டினவர். மனைவி தம்மைவிட வல்லவர் என்று கண்டதும், தம்முடைய ஆசையைச் சுருக்கிக்கொண்டு, மனைவியின் சைக்கிளைப் பழுது பார்த்து, பந்தயத்துக்கு அழைத்துப்போய், குழந்தையையும் பார்த்துக்கொண்டார். சமீப காலத்திலும் லிஸ்ஸி டெய்க்னன் என்ற சம்பளக்காரப் பந்தயக்காரி 2018-ல் குழந்தை பெற்று, 2019-ல் பந்தயத்துக்குத் திரும்பினார். அவர் கணவர் தம் பந்தயத் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தையை வளர்த்தார். அவர் 2021-ல் பாரிஸ்–ரூபே என்ற கடினமான கல்ரோட்டுப் பந்தயத்தைப் பெண்களுக்கு முதன்முதலாக நடத்தியபோது அதில் ஜெயித்தார். இவற்றைப் படிக்கின்றவர்கள், “ஆகா, எப்பேர்ப்பட்ட கணவர்கள்!” என்று ஆச்சரியப்படுகின்றார்கள். நாமும் அவர்களை மெச்சுகின்றோம். ஆனால் ஒன்று கேட்கின்றோம். சார்லி செய்ததையே ஊருக்கு ஊர் ஆயிரம் பெண்கள் செய்கின்றார்களே, அவர்களை ஆச்சரியமென்று யாராவது எழுதினதுண்டா? ஆண் செய்தால் தியாகம், பெண் செய்தால் கடமையா? ஒரே வேலைக்கு இரண்டு பெயர் வைப்பதற்குத்தான் வருணாசிரமம் என்று பெயர்.

பெரில் அம்மையாரின் கதையில் கசப்பான பாகமும் உண்டு. அதை மறைப்பது யோக்கியமாகாது. அவர் மகள் டெனிஸ் தாயின் வழியிலேயே பந்தயத்துக்கு வந்தார். 1976-ல் தேசீயப் பந்தயத்தில் மகள் முதலாவதாக வந்தபோது, தாய் மேடையில் மகளுக்குக் கை கொடுக்க மறுத்துவிட்டார். ஜெயிக்கவேண்டுமென்ற வெறி தலைக்கேறினால் ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காது. பெற்ற பிள்ளையையும் எதிரியாக்கிவிடும். ஆகவே புருஷன் இருந்த இடத்தில் பெண்ஜாதியை ஏற்றிவைத்து, பெண்ஜாதி இருந்த இடத்தில் புருஷனைத் தள்ளுவதல்ல நம் நோக்கம். ஒருவர் ஆசைக்கு இன்னொருவர் ஆயுள்பரியந்தம் சுமைதாங்கியாக இருப்பது கூடாதென்பதே நம் அபிப்பிராயம்.

இந்த நியாயம் பந்தயக்காரர்களுக்குத் தெரியாததல்ல. ரோட்டில் அவர்களே இதை அனுசரிக்கின்றார்கள். கூட்டமாக ஓடுகின்றபோது முன்னால் போகின்றவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போகின்றான். அவன் சக்கரத்தை ஒட்டினாற்போல் பின்னால் வருகின்றவனுக்குக் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை சிரமம் மிச்சமாகின்றது. ஆகையால் நாலுபேர் பிரிந்து முன்னேறினால், ஒவ்வொருவரும் முறைபோட்டுக் கொஞ்ச நேரம் முன்னால் வந்து காற்றை வாங்கவேண்டுமென்பது எழுதாத சட்டம். முன்னுக்கே வராமல் கடைசி வரை பின்னால் ஒளிந்திருந்து, முடிவில் மாத்திரம் பாய்ந்து பரிசை அடிக்கின்றவனைச் “சக்கரம் உறிஞ்சி” என்று அவர்கள் காறித் துப்புகின்றார்கள். தோழர்களே! வீட்டில் இருபது வருஷமாக ஒருத்தியைக் காற்றுக்கு முன்னால் விட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் சுகமாக வந்து, கோப்பை வாங்குகின்ற அன்றைக்கு மாத்திரம் மேடையேறுகின்றவனுக்கு என்ன பெயர் வைப்பது? அவர்கள் அகராதியிலேயே வார்த்தை இருக்கின்றது. நாம் புதிதாக ஒன்றும் தேடவேண்டியதில்லை.

ஆகவே பந்தயத்தில் ஆசையுள்ள தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். சைக்கிளை விடவேண்டாம். கணக்கெழுதுங்கள். ஒரு மாதம் உங்கள் சைக்கிள் மணியை எழுதுகின்ற அதே நோட்டுப் புஸ்தகத்தில், எதிர்ப் பக்கத்தில், உங்கள் மனைவிக்குத் தன் இஷ்டப்படி கிடைத்த மணியையும் எழுதுங்கள். இரண்டும் சரியாக வரும் வரையில் பயிற்சியைக் குறையுங்கள், அல்லது வீட்டுவேலையைக் கூட்டுங்கள். உங்கள் பயிற்சிக் கஞ்சியை நீங்களே காய்ச்சுங்கள். உங்கள் வியர்வைத் துணியை நீங்களே துவையுங்கள். இதை “உதவி” என்று சொல்லாதீர்கள். தன் வீட்டில் தன் வேலையைச் செய்வதற்கு உதவி என்று பெயரில்லை. கைக்குழந்தை இருக்கின்ற வருஷங்களில் பந்தயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோப்பை அடுத்த வருஷமும் இருக்கும், குழந்தையின் முதல் வருஷம் திரும்ப வராது. எந்த மாதங்களில் எத்தனை பந்தயம் என்பதை இருவரும் உட்கார்ந்து முன்கூட்டியே தீர்மானியுங்கள். சைக்கிளுக்கு லட்சம் ரூபாய் செலவழிக்கின்ற வீட்டில், கேள்விமுறையில்லாமல் செலவழிக்க அவளுக்கும் அதே தொகை இருக்கட்டும். இவ்வளவும் செய்தபின் பந்தயத்தில் பத்தாவதாக வந்தீர்களானால், அந்தப் பத்தாவது இடம் திருட்டு நேரத்தில் வந்த முதலிடத்தைவிடக் கௌரவமானது.

பெண்மக்களுக்கும் ஒரு வார்த்தை. “அவருக்கு அனுமதி கொடுத்தேன்” என்று நீங்கள் சொல்லவும் வேண்டாம், “எனக்கு அனுமதி கொடுப்பாரா” என்று கேட்கவும் வேண்டாம். அனுமதி என்பது எஜமானனுக்கும் வேலைக்காரனுக்கும் நடுவிலுள்ள வார்த்தை. உங்கள் மணி உங்களுடையது. அவர் எழுந்து போகின்ற மூன்று நாளில் ஒருநாள் நீங்கள் எழுந்து போங்கள். கஞ்சி யார் காய்ச்சுவார்கள் என்ற கவலை வேண்டாம். வாட் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்பது தெரியாமல் போகாது.

கலியாண வீடுகளில் பெரியவர்கள், “புருஷனும் பெண்ஜாதியும் ஒரு வண்டிக்கு இரண்டு சக்கரம்” என்று உபதேசம் செய்வதைக் கேட்டிருக்கின்றோம். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால் இருவரும் சக்கரமானால், மேலே ஆசனத்தில் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்புகின்றவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. சக்கரமாக இருந்தது போதும். இருவரும் ஓட்டுகின்றவர்களாகவேண்டும், இருவருக்கும் சைக்கிள் வேண்டும். அந்த நகரத்துத் தோழருக்கு நாம் விடைபெறும்போது சொன்னதும் இதைத்தான். கூடத்துச் சுவரில் இன்னொரு ஆணி அடிக்க இடமிருக்கின்றது என்றோம். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாள் அடுப்பங்கரையிலிருந்து எட்டி அந்தச் சுவரைப் பார்த்தார்.